"நல்லாருக்கேன் டாக்டர்"

என் வீட்டுக்காரரின் புற்றுநோய்க்குப் போட்ட கீமோ மருந்து உடம்பில் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது, முதலில் போடும் வாந்தித் தடுப்பு ஊசி, ஸ்டீராய்டு எல்லாம் சேர்த்தாலும் காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த டோஸ் 21 நாள் கழித்து. நடுவில் இருக்கும் நாளெல்லாம் வீட்டில்தான். மருந்து தன் வேலையைக் காட்டுவதும் அந்த நாட்களில்தான். வயிறு போவதையோ, வாய் புண்ணாவதையோ, விரல் மதமதத்துப் போவதையோ, ராத்திரி தூக்கம் வராமல் புரள்வதையோ டாக்டர் நேரில் பார்ப்பதில்லை. அடுத்த முறை போகும்போது நாம் சொல்வதுதான் அவருக்குத் தெரியும். எங்கள் டாக்டர் ஒவ்வொரு முறையும் நிதானமாகத்தான் கேட்பார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் சொன்னது, "நல்லாருக்கேன் டாக்டர்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். புற்றுநோய் வைத்தியத்தில் இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ துணையாக நிற்பது என்றால் சமைத்துப் போடுவது, கூடப் போவது, தைரியம் சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம்விட முக்கியமான ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் நடப்பதைக் கண்ணால் பார்த்து, அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் சேர்க்க வேண்டும். அதை நோயாளியே செய்துகொள்வார் என்று விட முடியாது. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் பெருமை என்று வளர்ந்தவர்கள் நாம். கீமோவில் அந்தப் பொறுமையே கெடுதல் செய்யும்.

என் வீட்டுக்காரர் ஜென்ட்ஸ் டெய்லர். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தை விட்ட பையனாக அங்கே காஜா எடுக்கப் போய்த் தொழில் படித்தவர். இப்போது எங்கள் தெருவிலேயே சின்னதாக ஒரு கடை. மிஷினில் அடித்து முடித்தபிறகு கையால் செய்யும் வேலையில்தான் அவருக்குப் பெயர். ஹெம்மிங் போட்டால் வெளிப்பக்கம் நூல் தெரியாது. அவர் விரல் அப்படி.

நோய் வந்த கதையை நீட்ட விரும்பவில்லை. மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, பெருங்குடலில் இடப்பக்கம் கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்து அனுப்பிய நிணநீர்க் கணுக்களில் ஐந்தில் நோய் இருந்ததால் மூன்றாம் நிலை என்றார்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து டிரிப்ஸில். கேப்சிடபின் மாத்திரை 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. இது ஒரு சைக்கிள். மொத்தம் 8 சைக்கிள், ஏறக்குறைய ஆறு மாதம். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் பெரிய செலவுகள் அதில் போயின. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அந்தத் திட்டம் இல்லையென்றால் கடையை விற்றிருப்போம்.

முதல் டோஸ் பங்குனிக் கடைசியில். மதுரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சாலிபிளாட்டினின் குணம் அந்த வெயிலுக்கு நேர் எதிர். மருந்து ஏறியதிலிருந்து ஐந்தாறு நாளைக்குக் குளிர்ச்சி எதுவும் ஆகாது. குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சே நின்றுவிட்டதுபோல இருக்கும் என்று வார்டு சிஸ்டர் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "அப்படித் தோணும்மா, மூச்சு நிக்காது. பயந்துறாதீங்க. வெந்நீர குடுத்து வாயைத் தொறந்து மூச்சு விடச் சொல்லுங்க." அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தின் அருமை அன்று ராத்திரியே தெரிந்தது. பிரிட்ஜ் தண்ணீரைத்தான் குடிக்கக் கூடாது என்று நினைத்து, மண்பானைத் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. என் மாமியார் அலறிவிட்டார். நான் பதறவில்லை, முன்பே சொல்லப்பட்டிருந்ததால். "நிக்காதுங்க, மூச்சு வருது, பாருங்க வருது" என்று சொல்லிக்கொண்டே சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தொண்டையில் வைத்தேன். சில நிமிடத்தில் சரியாகிவிட்டது.

அதன்பிறகு வீட்டையே மாற்றினோம். டோஸ் போட்ட வாரம் அவர் பிரிட்ஜைத் திறப்பதில்லை. ஒருமுறை மறந்துபோய்ப் பால் பாக்கெட்டை எடுத்தவர், கரண்ட் அடித்த மாதிரி விரலெல்லாம் இழுக்கிறது என்று கீழே போட்டுவிட்டார். குடிக்க எப்போதும் பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர். குளிக்கவும் வெந்நீர்தான், சித்திரையிலும். வார்டில் ஏசி குளிருக்குச் சாக்ஸும் ஒரு போர்வையும் கூடவே எடுத்துப் போவோம். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாயில் தாடை சுரீரென்று இழுக்கும், நாலாவது வாயில் விட்டுவிடும். அதனால் முதல் கவளத்தை ரசம் சாதமாகக் குழைத்துக் கொடுத்தேன். அழகர் ஆற்றில் இறங்கின அன்றைக்கு அவருடைய சிநேகிதர்கள் ஆசையாக ஜிகர்தண்டா பார்சல் வாங்கி வந்தார்கள். அவருக்கு உயிர் அது. வந்தவர்களையே குடிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சுக்கு காப்பி குடித்தார்.

கீமோவில் முடி கொட்டும், வாந்தி வரும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவருக்கு முடி அவ்வளவாகக் கொட்டவில்லை. வாந்தியும் மாத்திரையில் அடங்கியது. பார்க்க வந்தவர்கள், "ஆளு நல்லாத்தான இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கீமோ என்பது ஒரே மருந்து இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு குணம். பக்கத்துப் படுக்கைக்காரரின் அனுபவம் நமக்கு உதவாது. உங்கள் வீட்டு ஆளுக்குப் போடும் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். அது எதையெல்லாம் செய்யும், எத்தனையாவது நாளில் செய்யும் என்று கேளுங்கள். கேட்டால் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் யாரும் முகம் சுளித்ததில்லை.

ஸ்டீராய்டும் அப்படித்தான். வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் கொடுப்பார்கள். டோஸ் போட்ட ராத்திரி அவர் தூங்கவே மாட்டார். கடையை எப்படி எடுத்துக் கட்டலாம், மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கலாம், இரண்டாவது மிஷினை எங்கே போடலாம் என்று விடிய விடியப் பேசுவார். கல்யாணமாகி வந்த புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. மூன்று நாலு நாளில் ஸ்டீராய்டு மாத்திரை நின்றதும் சுருண்டு படுத்துவிடுவார். அப்போது எதைச் சொன்னாலும் கோபம். குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் கோபம். முதல் தடவை என் மகள் அழுதாள். அது மருந்து இறங்கும்போது வரும் எரிச்சல் என்று டாக்டர் சொன்னபிறகு, காலண்டரில் அந்த நாட்களைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தோம். வட்டம் போட்ட நாளில் அவரிடம் பணக்கணக்கு, கல்யாணப் பேச்சு எதையும் எடுப்பதில்லை. அவரும் போகப்போக, "இன்னைக்கு வட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

நான் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எழுதிவைப்பது பழக்கம். அவருடைய தையல் கடையில் அளவு எடுக்கிற நோட்டில் புதிதாக ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, காலையில் உடம்புச் சூடு, எடை, எத்தனை இட்லி, எத்தனை தடவை வயிறு போனது, வாய், கை, கால். மாத்திரை சாப்பிட்ட நேரம். கேப்சிடபினைச் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. அதனால் சாப்பாட்டு நேரமும் ஒரு கட்டம்.

வயிறு போவதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். மகள் இருக்கிற வீடு, அம்மா இருக்கிற வீடு. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். ஆனால் அது தெரிந்தே ஆக வேண்டும். வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். அதைக் கவனிக்காமல் மாத்திரையைத் தொடர்ந்தால் குடல் புண்ணாகி, உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம்வரை போய்விடும். அவருடைய தையல் சாக்கட்டி ஒன்றைக் கொண்டுபோய்ப் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் வைத்தேன். "எனக்குச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு மட்டும் போட்டுட்டு வாங்க." ராத்திரி நான் போய் எண்ணி நோட்டில் ஏற்றிவிட்டுத் துடைத்துவிடுவேன். மூன்றாவது சைக்கிளில் ஒரு நாள் மத்தியானத்துக்குள்ளேயே கோடுகள் நிறைந்துவிட்டன. வேலையிலிருந்த எனக்கு மகள்தான் போன் பண்ணினாள். மாத்திரையை நிறுத்தி, ஓ.ஆர்.எஸ். கொடுத்து, டாக்டர் சொன்ன லோபரமைடும் கொடுத்து இரண்டு நாளில் சரியானது. அடுத்த சைக்கிளில் மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. 100.4 டிகிரி தாண்டினால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. வெள்ளையணு குறைந்திருக்கும் உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்பதும் ஆபத்து. காய்ச்சல் அளவு இறங்கிவிடும், உள்ளே கிருமி வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு ராத்திரி தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. "விடியட்டும், காலையில போவோம். இந்நேரத்துல ஆட்டோவுக்கு எங்க போற" என்றார். மாமியாரும் அதையே சொன்னார். எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னேன். போனவுடன் ரத்தம் எடுத்தார்கள், வெள்ளையணு கீழே இருந்தது, உடனே நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை என் மாமியார் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு பக்கத்து வீட்டில், "எம் மருமக இல்லைன்னா" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

இனி விரல்.

ஆக்சாலிபிளாட்டினில் பிளாட்டினம் இருக்கிறது. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அது தங்கிக்கொண்டு, உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்புகளைப் பாதிக்கும். ஆரம்பத்தில் குளிர் பட்டால் மட்டும் வரும் மதமதப்பு, டோஸ் ஏற ஏறக் குளிர் இல்லாமலும் நிற்க ஆரம்பிக்கும். இதெல்லாம் முதல் நாளே சொன்னதுதான். "விரல்ல மதமதப்பு அடுத்த டோஸ் வரைக்கும் போகாம இருந்தா சொல்லணும். சட்டை பட்டன் போடக் கஷ்டமா இருந்தா கண்டிப்பாச் சொல்லணும்" என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டினார் இவர். நாலாவது டோஸ் முடிந்து கேட்டபோதும், ஐந்தாவது முடிந்து கேட்டபோதும் நல்லாருக்கேன் டாக்டர்தான்.

ஆனி முகூர்த்தத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை கடையில் தயாராகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு. சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது அவர் இல்லை. பெஞ்சில் சட்டை கிடந்தது. இஸ்திரி போட எடுத்து விரித்தால் பட்டன் பட்டிக்கு உள்பக்கம் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி. ஈரத்துணியால் தேய்த்த தடமும் தெரிந்தது. அவர் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் இடது கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய ஓட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"வலிக்கலையா?"

"குத்துனதே தெரியல" என்றார். பிறகு, "கொஞ்ச நாளாவே அப்படித்தான்."

கத்தரிக்கோலின் வளையத்தில் வெட்டுத்துணியைச் சுற்றியிருந்ததையும் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். இரும்பின் குளிர்ச்சிக்காகச் சுற்றியது. ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் அங்குஸ்தானைப் போட்டால் கழன்று விழுவதே தெரியவில்லை என்று அதை டிராயரில் போட்டுவிட்டார். கடையில் வேலை செய்யும் பையன் போட்டது என்று சொல்லி நான் பார்த்துவந்த கோணல் காஜாக்களை அவர்தான் எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளை அவருடைய சட்டைப்பையில் போட்டு, பார்க்காமல் பத்து ரூபாயை மட்டும் எடுக்கச் சொன்னேன். விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளி வெளியே எடுத்து மேஜையில் வைத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் நோய் திரும்பும். அதுதான் அவர் பயம். அந்தப் பயத்தில் அவர் விரலைக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். யாரிடமும் கேட்காமல் தனக்குள்ளேயே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். இன்னொன்றும் தெரியவந்தது. மதமதப்புக்கு என்று மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கிக் கடையில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அந்த அட்டையையும் நோட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஆறாவது டோஸுக்கு முன்னால் வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். "ஒரு நிமிசம் டாக்டர்" என்று நோட்டை விரித்து வைத்தேன். ஊசி குத்தியதைச் சொன்னேன், காசைச் சொன்னேன், மாத்திரை அட்டையைக் காட்டினேன். டாக்டர் முதலில் அந்த அட்டையைத்தான் எடுத்தார். அதில் ஃபோலிக் ஆசிட் இருந்தது. கேப்சிடபினோடு ஃபோலிக் ஆசிட் சேர்ந்தால் அதன் கடுமை கூடும், வயிற்றுப்போக்கு அதிகமாகும், இனி கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையும் வேண்டாம் என்றார். பிறகு அவருடைய விரல்களைத் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தடவிப் பார்த்தார். ஒரு பட்டனைக் கழற்றி மாட்டச் சொன்னார்.

அன்று டாக்டர் சொன்னதை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 2018-ல் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. பல நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்காரர்கள் 12,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஆக்சாலிபிளாட்டினும் கேப்சிடபினும் சேர்ந்த இந்த மருந்துக் கூட்டை 3 மாதம் எடுத்தவர்களுக்கும் 6 மாதம் எடுத்தவர்களுக்கும் நோய் திரும்பாமலிருந்த கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேலையைப் பாதிக்கிற அளவு நரம்புக் கோளாறு 6 மாதக்காரர்களில் 100-க்கு 45 பேருக்கு, 3 மாதக்காரர்களில் 15 பேருக்கும் கீழே. "உங்களுக்குக் கணு அஞ்சுல இருந்ததால ஆறு மாசம் போவோம்னு நெனச்சோம். மூணு மாச மருந்து ஏற்கெனவே ஏறிருச்சு. இப்ப டிரிப்ஸ நிறுத்துறேன், மாத்திரைய மட்டும் தொடருவோம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் வெடித்தார். "நீ எதுக்கு வாயத் தொறந்த? மருந்தக் குறைச்சு நாளைக்குத் திரும்ப வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க" என்றேன். "நீங்க இருக்கணும். இருக்கும்போது கையும் வேலை செய்யணும். எனக்கு ரெண்டும் வேணும்."

அன்று வட்டம் போட்ட நாள் இல்லை. அது மருந்தின் கோபம் இல்லை, அவருடைய கோபமேதான். இரண்டு நாள் பேசவில்லை. நானும் சமாதானத்துக்குப் போகவில்லை. இந்த இடத்தில் விட்டுக்கொடுத்துப் பேசுவது அவருக்குச் செய்கிற நல்லது ஆகாது என்று உறுதியாக நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். துணை என்றால் அவர் பக்கம் நிற்பது. அவர் பயத்தின் பக்கம் நிற்பது வேறு. மூன்றாம் நாள் காலையில் அவரே நோட்டை எடுத்து "கை" என்ற கட்டத்தில், பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலது பெருவிரல், ஆள்காட்டி. இடது அஞ்சும்" என்று எழுதியிருந்தார்.

மருந்தை நிறுத்தியவுடன் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மருந்தின் நரம்புப் பாதிப்பு, நிறுத்தியபிறகும் சில மாதம் கூடிவிட்டுத்தான் இறங்கும். அப்படியே நடந்தது. ஐப்பசியில் ஆவணியைவிட மோசம். முன்கூட்டியே தெரிந்ததால் நாங்கள் தளரவில்லை. குத்தும் வலிக்கு டுலாக்செட்டின் கொடுத்தார்கள், ராத்திரி தூங்க முடிந்தது. மரத்துப்போனதை அது எடுக்காது.

இடையில் மாத்திரையின் வேலை பாதத்தில். உள்ளங்காலும் உள்ளங்கையும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். கால்மிஷின் மிதிக்கிறவருக்கு அது கொடுமை. யூரியா கலந்த கிரீமைக் காலையிலும் ராத்திரியிலும் நான்தான் தடவிவிடுவேன். அழுத்தித் தேய்க்கக் கூடாது, சும்மா பூச வேண்டும். சுடுதண்ணீர் கூடாது, இறுக்கமான செருப்பு கூடாது. அந்த நேரத்தில்தான் நாங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசினோம். என் மடியில் காலை வைத்துக்கொண்டு, புதுமண்டபத்தில் பையனாக இருந்த கதைகளை அவர் சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்காத கதைகள். நோய் எங்களுக்கு நல்லது செய்தது என்று சொல்ல மாட்டேன். அந்த அரை மணி நேரம் நல்லதாக இருந்தது, அவ்வளவுதான்.

படுக்கை விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை என்பதால். மருந்து நடக்கிற காலத்தில் தனியாகப் படுக்கச் சொல்லி மாமியார் பாயைக் கூடத்தில் போட்டார். புற்றுநோய் ஒட்டாது. கீமோ எடுப்பவர் பக்கத்தில் படுப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. உடலுறவுக்குத் தடை இல்லை, ஆனால் ஆணுறை வேண்டும், கர்ப்பம் தரிக்கவே கூடாது. மருந்து உடம்பிலிருந்து சிறுநீரிலும் மலத்திலும் போவதால் டிரிப்ஸ் போட்டபின் இரண்டு நாளைக்குக் கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். வாந்தியோ சிறுநீரோ பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். இவைதான் முக்கியமான ஜாக்கிரதை. நான் கூடத்துப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய் அவர் பக்கத்திலேயே படுத்தேன். அவருக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் ஒரு கை வேண்டியிருந்தது.

சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் வருகிறார்கள். வரும்போது முள்சீத்தா இலையோ பழமோ கொண்டுவருகிறார்கள். வாட்ஸப்பில் அது கீமோவைவிடப் பெரிது என்று சுற்றுகிறது. முள்சீத்தாவில் இருக்கும் அன்னோனசின் என்ற பொருள் நரம்புச் செல்களைக் கெடுப்பது என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே மருந்தால் நரம்பு அடிபட்டிருக்கும் ஒருவருக்கு அதை அரைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் நாத்தனார் கொல்லிமலையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். "மதினி, டாக்டர் வெளி மருந்து எதுவும் கூடாதுன்னுட்டாரு" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் வருத்தப்படவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமென்று அவர் மனசு கிடந்து தவித்தது. வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் வந்து இவரோடு இருக்க முடியுமா என்று கேட்டேன். அந்த இரண்டு மத்தியானமும் நான் வேலையிடத்தில் கணக்கைத் தவிர வேறு நினைப்பில்லாமல் இருந்தேன். துணையாக இருப்பவருக்கு அப்படிப்பட்ட நேரம் வேண்டும். உதவி செய்கிறேன் என்று வருபவர்களிடம் கூச்சப்படாமல் வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

போன வாரம் என் கூட வேலை செய்யும் ஒருவர், மனைவிக்கு மார்பில் கட்டி, கீமோ தொடங்குகிறது என்று சொல்லி நின்றார். "அவ எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாக்கா" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். எப்படி இருக்க என்று கேட்காதீர்கள், நல்லாருக்கேன் என்றுதான் வரும். இன்றைக்கு எத்தனை இட்லி, தண்ணீர் எத்தனை சொம்பு, ராத்திரி எத்தனை மணிக்கு விழித்தாய், ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடிகிறதா என்று கேளுங்கள். முதல் டோஸுக்கு முன்பே ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ராத்திரி கூப்பிட வேண்டிய ஆஸ்பத்திரி நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டாக்டர் அறைக்குள் நீங்களும் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், "நான் பார்த்ததைச் சொல்றேன் டாக்டர்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். வெளியே வந்தபிறகு மனைவி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டாக்டர்களிடமும் சிஸ்டர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கூட வந்திருப்பவரைக் கையெழுத்துப் போடுவதற்கும் பில் கட்டுவதற்கும் மட்டும் கூப்பிடாதீர்கள். நோயாளி எடை பார்க்கப் போகிற ஒரு நிமிடத்தில் கூட வந்தவரைக் கேளுங்கள். எங்கள் சிஸ்டர் முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய பேச்சுதான் இத்தனைக்கும் அடிப்படை.

இப்போது அவர் கடைக்குப் போகிறார். வெட்டுவதும் மிஷினில் அடிப்பதும் அவர். காஜாவும் ஹெம்மிங்கும் பையன் கையில். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் உணர்ச்சி பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. கால்விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன, செருப்பு கழன்றால் தெரிவதில்லை. சர்க்கரைக்காரர்களுக்குச் செய்வதுபோல ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படுப்போம். நோய் திரும்புகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை. இதுவரை சரியாக இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடமாகிறது என்று அடுத்த மாதம் கொலனோஸ்கோபிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் வயிறு சுத்தமாகக் குடிக்கும் மருந்துத் தண்ணீரைப் பிரிட்ஜில் வைத்துக் குளிரக் குடித்தால் குமட்டாமல் இறங்குமாம். குளிர்ச்சி இப்போது அவருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.